மூடப்படவிருக்கும் மின்னஞ்சல் முகவரி: கடிதங்கள் எங்கே இருக்கின்றன, ஃபார்வர்டு மட்டும் போதுமா?

பழைய இன்பாக்ஸ் (கேள்வி)

வணக்கம். வீட்டு இணைய இணைப்பை வழங்கிய நிறுவனம் 16 ஆண்டுகளுக்கு முன்பு இணைப்போடு சேர்த்துக் கொடுத்த மின்னஞ்சல் முகவரியைத்தான் இன்று வரை பயன்படுத்தி வருகிறேன். அந்த நிறுவனம் மின்னஞ்சல் சேவையை நிறுத்தப் போவதாகவும், இன்னும் மூன்று மாதங்களில் பெட்டிகள் மூடப்படும் என்றும் அறிவித்திருக்கிறது. அறிவிப்பு வந்த அன்றே ஓர் இலவசச் சேவையில் புதிய முகவரி தொடங்கி, பழைய முகவரிக்கு வருபவை எல்லாம் தானாகப் புதியதற்குப் போகும்படி ஃபார்வர்டு அமைத்துவிட்டேன். அத்தோடு வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் இரண்டு வாரங்களுக்குள் சில குழப்பங்கள் தலைதூக்கியிருக்கின்றன.

முதலாவதாக, ஃபார்வர்டு எல்லாக் கடிதங்களையும் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. சில ஸ்பேம் பகுதியில் விழுகின்றன. சில எங்குமே தென்படுவதில்லை. நண்பர் ஒருவர் தம் அலுவலக முகவரியிலிருந்து எனக்கு எழுதிய கடிதம் திரும்பி வந்துவிட்டதாகச் சொல்கிறார். வேடிக்கை என்னவென்றால், அந்தத் திரும்பல் அறிவிப்பில் என் புதிய முகவரி இருக்கிறது. நான் அதை அவருக்குச் சொல்லவே இல்லை.

இரண்டாவதாக, பழைய முகவரியைக் கைபேசியிலும் ஐமேப் என்ற முறையில் சேர்த்துப் பார்த்தேன். கணினியில் உள்ள மெயில் மென்பொருளில் 11,000-க்கும் மேற்பட்ட கடிதங்கள் இருக்கின்றன. கைபேசியிலோ கடந்த 14 நாட்களுக்கு உரியவை மட்டுமே தெரிகின்றன. நிறுவனத்தின் இணையதளத்தில் உள்நுழைந்து பார்த்தாலும் அதே நிலைதான். அப்படியென்றால் என் கடிதங்கள் எங்கே இருக்கின்றன?

பெட்டி மூடப்பட்ட பிறகு, விவரம் தெரியாமல் பழைய முகவரிக்கு எழுதுபவர்களின் கடிதங்கள் என்ன ஆகும், எழுதியவருக்கு அது தெரியவருமா என்பதும் எனக்குத் தெரியவில்லை. கடைசியாக, சொந்தமாக டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) வாங்கிக்கொள்ளுமாறு ஒருவர் அறிவுரை சொன்னார். தனிமனிதர் ஒருவருக்கு அது அவசியமா? எனக்குத் தொழில்நுட்பம் அதிகம் தெரியாது. ஆனால் நீளமான விளக்கமானாலும் பொறுமையாக வாசிப்பேன்.

சர்வர் காவலர்

நண்பரே, நீங்கள் கேட்டிருப்பவை நான்கானாலும் வேர் ஒன்றுதான். முகவரியையும் பெட்டியையும் நாம் ஒன்றாகவே நினைத்துவிடுகிறோம். முகவரி வெறும் பெயர். பெட்டி என்பது எங்கோ ஒரு சர்வரின் வட்டில் அந்தப் பெயருக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் இடம். தொடக்க காலத்தில் இரண்டும் உண்மையிலேயே ஒட்டித்தான் இருந்தன. 1971-இல் ரே டாம்லின்சன், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் அனுப்பிப் பார்த்தபோது, ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட @ குறியைத் தேர்ந்தெடுத்தார். (அந்த இரண்டு கணினிகளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றவை என்பது தனிக்கதை.) அப்போது @ குறிக்கு வலப்பக்கம் இருந்தது ஓர் இயந்திரத்தின் பெயர், அந்த இயந்திரம் போனால் முகவரியும் போயிற்று. 1986 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 974 என்ற ஆவணம்தான் இந்த முடிச்சை அவிழ்த்தது. ஒரு டொமைனுக்கு வரும் கடிதங்களை எந்த இயந்திரம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதை டிஎன்எஸ் எனும் இணையப் பெயர்ப் பதிவேட்டில் எம்எக்ஸ் என்ற பதிவாக எழுதிவைக்கலாம் என்றும், அனுப்பும் சர்வர்கள் அதைப் பார்த்தே வழியைத் தீர்மானிக்க வேண்டும் என்றும் அது வகுத்தது. அன்று முதல், டொமைனை வைத்திருப்பவர் அந்த ஒரு பதிவை மாற்றினால் போதும். முகவரி மாறாமலே பெட்டி வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்துவிடும். உங்கள் சிக்கல், அந்தப் பதிவு உங்கள் கையில் இல்லாமல் நிறுவனத்தின் கையில் இருப்பது.

கடிதம் வரும் வழியைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். உங்கள் நண்பர் ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தியதும், அவருடைய மென்பொருள் 587 அல்லது 465 என்ற போர்ட் (சர்வரில் எண்ணிடப்பட்ட நுழைவாயில்) வழியாகக் கடவுச்சொல்லைக் காட்டி, அவருடைய சேவையின் சர்வரிடம் கடிதத்தை ஒப்படைக்கிறது. அந்தச் சர்வர் உங்கள் டொமைனின் எம்எக்ஸ் பதிவுகளைத் தேடி எடுத்து, பல இருந்தால் சிறிய எண் இடப்பட்டிருப்பதை முதலில் தேர்ந்து, அங்கே 25-ஆம் போர்ட்டில் கதவைத் தட்டுகிறது. அதற்குப் பிறகு நடப்பது இரண்டு எழுத்தர்கள் மேசைக்கு இரு பக்கமும் உட்கார்ந்து பேசிக்கொள்வதைப் போன்ற ஓர் உரையாடல். எதிர்முனை 220 என்ற எண்ணோடு வரவேற்கும். வந்தவர் ‘இஎச்எல்ஓ’ என்று சொல்லித் தம் பெயரைக் கூறுவார். 250, அதாவது சரி. ‘மெயில் ஃப்ரம்’ என்று அனுப்புநர் முகவரியைச் சொல்வார், 250. ‘ஆர்சிபிடி டூ’ என்று உங்கள் முகவரியைச் சொல்வார். அப்படி ஒரு பெட்டி இருந்தால் 250, இல்லையென்றால் 550. ‘டேட்டா’ என்றதும் 354, அதாவது சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன். பிறகு கடிதம் முழுவதும் போகும். ஒற்றைப் புள்ளி மட்டுமே உள்ள ஒரு வரி வந்ததும் கடிதம் முடிந்தது என்று பொருள். கடிதத்துக்குள்ளேயே அப்படி ஒரு வரி இருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். புள்ளியில் தொடங்கும் வரிக்கு முன்னால் இன்னொரு புள்ளியைச் சேர்த்து அனுப்பி, மறுமுனையில் அதை நீக்கிக்கொள்வார்கள். 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய, இந்த உரையாடலுக்கான நெறிமுறையான எஸ்எம்டிபியின் வரையறையில் உள்ள இந்த ஏற்பாடு இன்றும் மாறவில்லை.

இதில் இரண்டு செய்திகள் உங்களுக்கு முக்கியம். ஒன்று, புள்ளிக்குப் பிறகு எதிர்முனை 250 என்று சொல்லிவிட்டால் கடிதத்தின் பொறுப்பு அதன் தலையில் ஏறிவிடுகிறது. பெட்டியில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் சேர்க்க முடியவில்லை என்று அனுப்புநருக்கு அறிவிக்க வேண்டும். மற்றொன்று, ‘மெயில் ஃப்ரம்’ என்று சொல்லப்படும் முகவரி உறையின் மேல் எழுதப்படுவது. நீங்கள் திறந்து படிக்கும்போது ‘அனுப்புநர்’ என்று தெரியும் முகவரி உறைக்குள் இருக்கும் தாளில் எழுதப்பட்டது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எஸ்எம்டிபி கட்டாயப்படுத்துவதில்லை. பிசிசி முறையில் அனுப்பும்போது பெறுநரின் பெயர் தாளில் இல்லாமலே கடிதம் சரியாக வந்து சேர்வதும், அடுத்தவர் பெயரில் போலிக் கடிதங்கள் புறப்படுவதும் இந்த ஒரே காரணத்தால்தான்.

கணினியில் 11,000, கைபேசியில் 14 நாட்கள் என்ற புதிருக்கு விடை, உங்கள் கணினி மென்பொருள் பாப் முறையில் இயங்குகிறது என்பதே. 1984-இல், பயனரின் கணினி சர்வரில் உள்ள பெட்டியிலிருந்து கடிதங்களை எடுத்துக்கொள்வதற்காக உருவான முறை அது. பெட்டியைத் திறந்து, கடிதங்களை அள்ளி எடுத்துக்கொண்டு, சர்வரில் உள்ளதை அழித்துவிடுவது அதன் இயல்பு. பல மென்பொருள்களில் ‘இத்தனை நாள் சர்வரில் விட்டுவை’ என்று ஓர் அமைப்பு உண்டு. உங்களுடையதில் 14 என்று இருக்கும், பார்த்துச் சொல்லுங்கள். ஐமேப் அதற்கு நேர்மாறானது. 1986-இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் உருவாக்கிய அம்முறையில் மூலப்பிரதி எப்போதும் சர்வரிலேயே இருக்கும், கருவிகள் அதைப் பார்க்கும் சன்னல்கள் மட்டுமே. ஆகவே உங்கள் 16 ஆண்டுக் கடிதங்கள் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில், அந்தக் கணினியின் வட்டில்தான் இருக்கின்றன. நிறுவனம் பெட்டியை மூடினாலும் அவை போகமாட்டா; ஆனால் அந்த வட்டு பழுதானால் எல்லாமே போய்விடும். வேறு எதற்கும் முன்னால், இன்றே, மென்பொருளின் கோப்புறை முழுவதையும் ஒரு வெளி வட்டில் நகலெடுத்துவிடுங்கள்.

மூடிய பிறகு என்ன ஆகும் என்பது, நிறுவனம் எப்படி மூடுகிறது என்பதைப் பொறுத்தது. சர்வர் இயங்கிக்கொண்டிருக்க, உங்கள் பெட்டி மட்டும் நீக்கப்பட்டால், எழுதுபவருக்குச் சில நிமிடங்களில் 550 என்ற மறுப்பு போய்விடும். இதுவே நல்ல முறை. டொமைனே இல்லாமற் போனாலும் அப்படித்தான். ஆனால் எம்எக்ஸ் பதிவை அப்படியே விட்டுவிட்டுச் சர்வரை மட்டும் அணைத்துவிட்டால், அனுப்பும் சர்வர் அது தற்காலிகக் கோளாறு என்று நினைத்துக் கடிதத்தை வரிசையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயலும். நான்கைந்து நாட்களாவது முயன்ற பிறகே கைவிட வேண்டும் என்பது வழக்கம். அதுவரை எழுதியவர் கடிதம் சேர்ந்துவிட்டதாகவே நினைத்திருப்பார். மிகவும் தீங்கானது நான்காவது வழி: எல்லாவற்றுக்கும் 250 சொல்லி வாங்கி, சத்தமில்லாமல் குப்பையில் போடுவது. உங்கள் நிறுவனம் எதைச் செய்யும் என்று வாடிக்கையாளர் சேவையிடம் எழுத்தில் கேட்டுவையுங்கள்.

பழைய இன்பாக்ஸ்

மிக்க நன்றி. நீங்கள் சொன்னது போலவே மென்பொருளில் 14 நாட்கள் என்றுதான் இருந்தது, நகலும் எடுத்துவிட்டேன். ஃபார்வர்டு பற்றிக் கூடுதலாக ஒரு தகவல். ஸ்பேமில் விழுந்த ஒரு கடிதத்தின் முழு ஹெடரையும் (கடிதத்தின் தலைப்பில் உள்ள வழி விவரங்கள்) திறந்து பார்த்தேன். அதில் ‘எஸ்பிஎஃப்: ஃபெயில், டிகிம்: பாஸ்’ என்று இருந்தது. நண்பருக்குத் திரும்பிப் போன அறிவிப்பில் ‘550 5.7.26’ என்ற எண் இருக்கிறது. கடிதம் திரும்பியதற்கு நண்பரின் அலுவலகத்தில் தவறு நடந்திருக்கிறது என்று பொருளா? இன்னொன்றும் கவனித்தேன்: ஃபார்வர்டு ஆகி வரும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் ‘வைரஸ் சோதனை செய்யப்பட்டது’ என்று பழைய நிறுவனம் ஒரு வரியைச் சேர்க்கிறது. ஸ்பேமில் விழுந்த அந்தக் கடிதத்தில் மட்டும் அந்த வரி இல்லை.

வடிகட்டி

அந்தக் கடைசி வரியைத் தந்ததற்கு நன்றி. நோய் அதில்தான் இருக்கிறது. உங்கள் நண்பரின் அலுவலகம் எந்தத் தவறும் செய்யவில்லை. சொல்லப்போனால், எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்திருப்பதால்தான் அவருடைய கடிதம் திரும்பியிருக்கிறது.

போலி அனுப்புநர் பற்றிச் சர்வர் காவலர் சொன்னார் அல்லவா, அதற்கு மருந்தாகப் பிற்காலத்தில் மூன்று சோதனைகள் வந்தன. எஸ்பிஎஃப் என்பது, ‘எங்கள் டொமைன் பெயரில் கடிதம் அனுப்பும் உரிமை இந்த ஐபி முகவரிகளுக்கு (இயந்திரங்களின் இணைய எண்களுக்கு) மட்டுமே உண்டு’ என்று டொமைனின் உரிமையாளர் டிஎன்எஸ்ஸில் ஒட்டிவைக்கும் பட்டியல். பெறும் சர்வர் தன் கதவைத் தட்டும் இயந்திரம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும். டிகிம் என்பது அனுப்பும் சர்வர் கடிதத்தின் உடலுக்கும் சில ஹெடர் வரிகளுக்கும் சேர்த்து இடும் மறைக்குறிக் கையொப்பம். சரிபார்க்க வேண்டிய பொதுச்சாவி அதே டொமைனின் டிஎன்எஸ்ஸில் இருக்கும். இவ்விரண்டில் ஒன்றாவது தேற வேண்டும், தேறியது வாசகர் கண்ணில் படும் ‘அனுப்புநர்’ டொமைனோடு ஒத்திருக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை இன்னது செய்யுங்கள் என்று உரிமையாளர் அறிவிப்பது டிமார்க். ‘ஒன்றும் செய்ய வேண்டாம்’, ‘ஸ்பேமில் போடுங்கள்’, ‘மறுத்துவிடுங்கள்’ என்ற மூன்றில் ஒன்றை அவர் தேர்ந்தெடுக்கலாம். 2024 பிப்ரவரி முதல், பெருமளவில் கடிதங்கள் (கூகுளின் கணக்கில் ஒரு நாளில் ஏறத்தாழ 5,000) அனுப்பும் அனைவருக்கும் கூகுளும் யாஹூவும் இவற்றைக் கட்டாயமாக்கிய பிறகு, முன்பு அசட்டையாக இருந்த பலரும் இவற்றை அமைத்துக்கொண்டார்கள்.

இப்போது ஃபார்வர்டைப் பாருங்கள். நண்பரின் கடிதம் பழைய நிறுவனத்துக்கு வந்தபோது எல்லாம் சரியாகத் தேறியது. அங்கிருந்து புதிய சேவையின் கதவைத் தட்டியது பழைய நிறுவனத்தின் சர்வர். நண்பரின் அலுவலகப் பட்டியலில் அந்த ஐபி எப்படி இருக்கும்? எனவே எஸ்பிஎஃப் தோற்றது. இது எல்லா ஃபார்வர்டுக்கும் பொதுவான விதி. டிகிம் கையொப்பம் கடிதத்தோடு ஒட்டியே பயணிப்பதால், கடிதத்தில் கை வைக்காதவரை அது பிழைத்துக்கொள்ளும். ஆனால் ‘வைரஸ் சோதனை செய்யப்பட்டது’ என்று ஒரு வரியைச் சேர்த்த கணத்தில் கடிதத்தின் உடல் மாறிவிடுகிறது, கையொப்பம் செல்லாக்காசாகிறது. இரண்டும் தோற்றுவிட்டன, அலுவலகத்தின் டிமார்க் ‘மறுத்துவிடுங்கள்’ என்கிறது, புதிய சேவை 550 5.7.26 என்று மறுத்துவிட்டது. பழைய நிறுவனம் ஏற்கெனவே 250 சொல்லிப் பொறுப்பேற்றுவிட்ட கடிதம் என்பதால், திரும்பல் அறிவிப்பை அதுவே எழுதி, தான் சேர்க்க முயன்று தோற்ற முகவரி எதுவோ அதைக் குறிப்பிட்டு, நண்பருக்கு அனுப்பியிருக்கிறது. உங்கள் புதிய முகவரி கசிந்தது அப்படித்தான். ஸ்பேமில் விழுந்த மற்றக் கடிதத்தில் அந்த வரி சேராததால் டிகிம் தேறியது. மறுப்பு இல்லை, சந்தேகம் மட்டும் மிஞ்சியது.

ஃபார்வர்டு செய்யும் சர்வர் உறையின் மேலுள்ள அனுப்புநரைத் தன் பெயருக்கு மாற்றி எழுதும் எஸ்ஆர்எஸ் என்ற முறை உண்டு. அது எஸ்பிஎஃப் தோல்வியைத் தவிர்க்கும். ஆனால் தேறும் டொமைன் ‘அனுப்புநர்’ டொமைனோடு ஒத்துப்போகாததால் டிமார்க்குக்கு அது உதவாது. மூடப்போகிற சேவையிடம் போய், அடியில் சேர்க்கும் வரியை நிறுத்துங்கள் என்று வாதாடுவதும் வீண். நான் சொல்வது எளிய வழி: ஃபார்வர்டை நிறுத்திவிடுங்கள். மூன்று மாதமும் பழைய பெட்டியைப் புதியதன் பக்கத்திலேயே இரண்டாவது கணக்காகக் கைபேசியிலும் கணினியிலும் வைத்து நேரடியாகப் படியுங்கள். நீங்களே போய் எடுக்கும்போது எஸ்எம்டிபி உரையாடல் இரண்டாம் முறை நடப்பதில்லை. எனவே மேற்படி சோதனைகளும் இல்லை, கடிதம் காணாமற் போவதும் இல்லை. பழைய பெட்டியின் ஸ்பேம் பகுதியையும் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். பாப் முறை இன்பாக்ஸை மட்டுமே எடுத்துவரும், ஸ்பேம் கோப்புறையை அது தொடாது.

கூர்நோக்கு

சொந்த டொமைன் பற்றிய கேள்வியை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். சர்வர் காவலரின் விளக்கத்தைப் படித்தால், டொமைன் வாங்கிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று தோன்றும். பாதி உண்மை. எம்எக்ஸ் பதிவு உங்கள் கையில் இருக்கும், சேவையைப் பிடிக்காவிட்டால் முகவரியை மாற்றாமல் வேறு சேவைக்குப் போகலாம் என்பதெல்லாம் சரி. ஆனால் டொமைனை நாம் ‘வாங்குவது’ கிடையாது, ஆண்டுக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறோம். டாட் காம் போன்ற பொது டொமைன்களை ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குத்தான் பதிவுசெய்ய முடியும். கட்டணம் கட்டத் தவறினால், அத்தகைய டொமைன்களில், பதிவாளரை (டொமைனைப் பதிவுசெய்து தரும் நிறுவனத்தை) பொறுத்து 45 நாட்கள் வரை ஒரு சலுகைக் காலம், பிறகு கூடுதல் கட்டணத்தோடு மீட்க 30 நாட்கள், பிறகு 5 நாட்கள், அதோடு அந்தப் பெயர் சந்தைக்கு வந்துவிடும். வேறு ஒருவர் அதைப் பதிவுசெய்து, எந்தப் பெயருக்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளும் ஒரு பெட்டியை வைத்தால், உங்களுக்கு வரும் ‘கடவுச்சொல்லை மாற்றுவதற்கான இணைப்பு’ எல்லாம் அவருக்குப் போகும். அவர் எதையும் உடைக்க வேண்டியதில்லை. கேட்டால் போதும், கொடுத்துவிடுவார்கள்.

நான் நேரில் பார்த்த ஒரு சிக்கல் இன்னும் அற்பமானது. உறவினர் ஒருவர் தம் டொமைனைப் பதிவுசெய்த கணக்குக்கு, அதே டொமைனில் உள்ள முகவரியையே தொடர்பு முகவரியாகக் கொடுத்திருந்தார். கட்டண அட்டை காலாவதியாகி டொமைன் நின்றதும் அஞ்சலும் நின்றது. நினைவூட்டல் கடிதங்கள் எல்லாம் எந்த முகவரி நின்றுபோனதோ அதற்கே போய்க்கொண்டிருந்தன. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது போலத்தான்.

இலவசச் சேவைகளுக்கும் அவற்றுக்குரிய ஆபத்துகள் உண்டு. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத கணக்குகளை நீக்கும் நடைமுறையைக் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. யாஹூ 2013-இல் நெடுநாள் பயன்படுத்தப்படாத பெயர்களைப் புதியவர்களுக்கு மறுபடி வழங்கியது. பழைய உரிமையாளருக்கு உரிய கடிதங்கள் புதியவர்களுக்குப் போகின்றன என்ற முறைப்பாடுகள் அப்போது எழுந்தன. உங்கள் பழைய நிறுவனமும் எதிர்காலத்தில் அந்த டொமைனை யாருக்காவது விற்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

என் முடிவு இது. ஒரே முகவரியை 16 ஆண்டுகள் காத்தவருக்குச் சொந்த டொமைன் பொருத்தமானதே, ஆனால் மூன்று நிபந்தனைகளோடு: பல ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டணம் செலுத்துங்கள், பதிவாளர் கணக்கின் தொடர்பு முகவரி வேறொரு சேவையில் இருக்கட்டும், அந்தக் கணக்குக்கு இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். பெட்டியை ஏதாவது ஒரு மின்னஞ்சல் சேவையில் வாடகைக்கு எடுத்து எம்எக்ஸை அங்கே காட்டுங்கள். வீட்டிலேயே சர்வர் வைக்கலாமே என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள். வீட்டு இணைப்புகளில் 25-ஆம் போர்ட்டைப் பல நிறுவனங்கள் அடைத்தே வைத்திருக்கின்றன, திறந்திருந்தாலும் வீட்டு ஐபியிலிருந்து வரும் கடிதத்தைப் பெரிய சேவைகள் நம்புவதில்லை. புதுப்பிப்பு நாளை நினைவில் வைப்பது உங்களுக்கு ஒத்துவராது என்றால், நீங்கள் ஏற்கெனவே தொடங்கிய இலவச முகவரியே மேல்.

சர்வர் காவலர்

கூர்நோக்கு சொன்ன நிபந்தனைகளை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், ஏற்றுக்கொள்கிறேன். இடமாற்றம் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

பழைய கடிதங்களைப் புதிய பெட்டிக்குக் கொண்டுபோக ஃபார்வர்டு பொத்தானை அழுத்த வேண்டாம். அப்படிச் செய்தால் ஒவ்வொன்றும் உங்கள் பெயரில், இன்றைய தேதியில் எழுதப்பட்ட புதுக் கடிதமாகிவிடும். கணினி மென்பொருளில் புதிய முகவரியை ஐமேப் கணக்காகச் சேர்த்துவிட்டு, பழைய கோப்புறையிலிருந்து கடிதங்களைத் தேர்ந்து புதிய கணக்கின் கோப்புறைக்கு நகலெடுங்கள். இது எஸ்எம்டிபியைத் தொடாத வேலை. கடிதம் தன் ஹெடர்களோடும் பழைய தேதியோடும் அப்படியே போய் உட்காரும். ஒரே மூச்சில் 11,000-ஐயும் இழுக்காமல் சில நூறுகளாகப் பிரித்துச் செய்யுங்கள், நடுவில் இணைப்பு அறுந்தால் எது போயிற்று எது போகவில்லை என்று தேடுவது பெரிய தொல்லை. ‘நகர்த்து’ என்பதைத் தொடவே வேண்டாம், ‘நகலெடு’ மட்டும். புதிய பெட்டியில் இடம் போதுமா என்று முதலில் பாருங்கள். இணைப்புக் கோப்புகள் பேஸ்64 என்ற எழுத்து வடிவத்தில் கடிதத்துக்குள் அடைக்கப்படுவதால் 3 பைட் 4 பைட்டாக ஊதிப்போகும். 18 எம்பி படம் ஒன்று கடிதத்தில் ஏறத்தாழ 25 எம்பியை அடைத்துக்கொள்ளும்.

முகவரியை எங்கெல்லாம் கொடுத்திருக்கிறோம் என்று நினைவிலிருந்து பட்டியல் எழுதினால் பாதி விட்டுப்போகும். அந்த 11,000 கடிதங்களே உங்கள் பட்டியல். ‘கடவுச்சொல்’, ‘பதிவு’, ‘உறுதிப்படுத்து’, ‘ரசீது’ என்ற சொற்களையும் அவற்றின் ஆங்கிலச் சொற்களையும் இட்டுத் தேடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், புதிய முகவரியைத் தொடங்கியபோது மீட்பு முகவரியாக எதைக் கொடுத்தீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் பழையதைத்தான் கொடுத்திருப்பீர்கள்.

பழைய இன்பாக்ஸ்

ஐயா, ஆரூடம் போலச் சொல்லிவிட்டீர்கள். மீட்பு முகவரியாகப் பழையதுதான் இருந்தது, மாற்றிவிட்டேன். ஃபார்வர்டையும் நிறுத்தியாயிற்று. நீங்கள் சொன்ன சொற்களைத் தேடியதில் 61 கணக்குகள் கிடைத்தன. என் நினைவிலிருந்து எழுதிய பட்டியலில் 22 மட்டுமே இருந்தன. இதுவரை 40 கணக்குகளில் முகவரியை மாற்றியிருக்கிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக ஒன்றை எழுதிவைக்கிறேன்: அந்த 40-இல் 9 கணக்குகள், முகவரியை மாற்றக் கேட்டதும், ‘இந்த மாற்றத்தை நீங்கள்தான் கேட்டீர்களா’ என்று பழைய முகவரிக்கே ஒரு கடிதம் அனுப்பி, அதிலுள்ள இணைப்பை அழுத்திய பிறகே ஏற்றுக்கொண்டன. பெட்டி மூடிய மறுநாள் இந்த வேலையைத் தொடங்கியிருந்தால் அந்த 9 கணக்குகளும் கைவிட்டுப் போயிருக்கும். டொமைன் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. முதலில் மீதி 21 கணக்குகளையும் முடித்துவிட்டு வருகிறேன்.